புதுப்புனலும் அறுபது புட்டிகளும்

நுழையும்முன்

அறிவியல் என்பது ஆய்வுக்கூடத்துள் அடைபட்டுக் கிடக்கும் பொருளன்று. தெருக்குழாயிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் அடுக்களைக் குடத்திலும் அது விடைகாண வேண்டிய வினாக்கள் உள்ளன. அவ்வினாக்களை முதலில் கேட்பவர்கள் பெரும்பாலும் சிறுவர்களே. ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புகளில் பயிலும் மாணவர்கள் தம் ஊர்ச் சிக்கல் ஒன்றினை அறிவியல் நெறியில் அணுகினால் என்ன நிகழும் என்பதனைக் காவிரிக்கரை ஊர்களை முன்வைத்து விளக்குகிறது இக்கட்டுரை.

ஆற்றின் நிறம்

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 ஆம் நாள் திறக்கப்படுகிறது. அங்கிருந்து புறப்படும் நீர், திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி என்னும் பெயரையே தாங்கிச் செல்ல, வடகிளை கொள்ளிடம் ஆகிறது. இவ்விரு கிளைகளுக்கும் நடுவே அமைந்த தீவுதான் ஸ்ரீரங்கம் என வழங்கும் திருவரங்கம். ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபப் படித்துறையில் நின்று பார்த்தால் புதுப்புனல் செம்மண் கரைத்தாற்போல் ஓடுவதைக் காணலாம். பெரியோர் அதனைக் கைகூப்பி வணங்கி முழுகி எழுகின்றனர். மேற்படியில் நிற்கும் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்கோ வேறொரு கேள்வி எழக்கூடும். இந்நிறம் எங்கிருந்து வந்தது? இதே ஆற்றின் நீர்தானே வீட்டுக்குழாயிலும் வருகிறது? அங்கு மட்டும் தெளிந்திருப்பது எப்படி? தெளிந்திருந்தால் அது தூயது என்று பொருளா?

நீரின் நிறத்தைக் குறித்து இத்தகைய எளிய கேள்வியைக் கேட்ட ஒருவர் இதே தீவில் பிறந்தவர். திருவரங்கத்தை அடுத்த திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7 அன்று பிறந்த சந்திரசேகர வெங்கட ராமன், 1921 இல் மேற்கொண்ட கடற்பயணத்தின்போது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்டார். வானத்தின் எதிரொளிப்பே கடலின் நீலம் என்பது அந்நாளில் பெரிதும் ஏற்கப்பட்ட கருத்து. ராமன் தம் சட்டைப்பையில் கொண்டுசென்ற சிறு நிக்கல் பட்டகத்தின் வழியே, மேற்பரப்பின் எதிரொளிப்பை விலக்கிவிட்டுக் கடலைப் பார்த்தார். நீலம் மறையவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்னும் எண்ணம் அங்கிருந்து வளர்ந்தது. 1928 பிப்ரவரி 28 இல் வெளிப்பட்ட ராமன் விளைவுக்கும் 1930 இல் கிடைத்த நோபல் பரிசுக்கும் அவ்வாறு வித்திடப்பட்டது. இங்குக் கவனிக்கத்தக்கது பரிசு அன்று; பெரியோர் சொன்ன விடையைக் கைக்கருவி ஒன்றினால் சரிபார்த்துக்கொண்ட செயலே ஆகும்.

கேள்விக்கு ஒரு மேடை

மாணவர்கள் இவ்வாறு கேட்கவும் சரிபார்க்கவும் நாடு தழுவிய மேடை ஒன்று 1993 இல் உருவாயிற்று. அதன் பெயர் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு. 10 முதல் 17 வயது வரையுள்ள சிறுவர் சிறுமியர் சிறு குழுவாகச் சேர்ந்து, தம் வாழிடத்தின் சிக்கல் ஒன்றைத் தேர்ந்து, சில மாதங்கள் ஆராய்ந்து, கண்டதை எழுதி அவையில் முன்வைப்பதே அதன் முறை. மாவட்ட அளவில் தேர்வு பெற்றவர் மாநில அளவிலும், அங்குத் தேர்வு பெற்றவர் தேசிய அளவிலும் பங்கேற்பர். தமிழ்நாட்டில் இப்பணியைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் முன்னெடுத்து வந்துள்ளது. சிறுவர்களுக்கான ‘துளிர்’ அறிவியல் இதழை வெளியிட்டு வருவதும் இவ்வியக்கமே.

இம்மாநாட்டின் விதிகளுள் இரண்டு சிறப்பானவை. ஆய்வைத் தாய்மொழியில் எழுதலாம், தாய்மொழியிலேயே பேசலாம் என்பது ஒன்று. குழுவினர் அன்றாடம் செய்ததைத் தேதியிட்டு எழுதிய நாட்குறிப்பேட்டைக் காட்ட வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவது விதி சிறியதாகத் தோன்றினும் பெரிய வேலை செய்கிறது. அறிவியற் கண்காட்சிகளில் தெர்மகோலில் செய்த எரிமலையும் மின்விளக்கு மின்னும் சூரியக் குடும்பமும் வரிசையாக நிற்பதைக் காண்கிறோம். அவற்றுள் பல பெற்றோரின் கைவண்ணம் என்பதனை நடுவர்களும் அறிவர், மாணவர்களும் அறிவர். மாதிரியை ஒரே இரவில் கடையில் வாங்கிவிடலாம். அடித்தலும் திருத்தலுமாய் மூன்று மாதங்கள் நீளும் நாட்குறிப்பை அவ்வாறு வாங்க இயலாது.

நடுநிலைப் பள்ளிப் பருவத்திலேயே இதனைத் தொடங்கலாமா, அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாவா என்னும் ஐயம் பழையது. அதற்கான விடையும் பழையதே. மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் 1972 இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் புதிய அறிவியல் கற்பித்தல் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. பாடநூலைப் படித்து ஒப்பிப்பதற்கு மாற்றாக, மாணவர்கள் தாமே செய்து பார்த்துத் தாமே முடிவெழுதினர். தனி ஆய்வுக்கூடம் ஏதும் இல்லை. வகுப்பறைத் தரையும், எளிய பொருள்கள் நிறைந்த பெட்டி ஒன்றும், பள்ளிக்கு வெளியே உள்ள வயலும் போதுமாயின. முப்பது ஆண்டுகள் நடந்த அத்திட்டம் 2002 இல் மாநில அரசால் நிறுத்தப்பட்டது. எனினும் பன்னிரண்டு வயதினர் ஆய்வு செய்ய இயலுமா என்னும் கேள்விக்கு அது விடையளித்துவிட்டே நின்றது.

கலங்கல் தெளிதல்

மீண்டும் அம்மா மண்டபத்துச் சிறுமியின் கேள்விக்கு வருவோம். அவளும் அவளுடைய நண்பர் நால்வரும் ஆசிரியர் ஒருவரின் துணையுடன் இதனை ஆய்வதாகக் கொள்வோம். அவர்கள் முதலில் செய்ய வேண்டியது கலங்கலை அளத்தல். ‘மிகவும் கலங்கல்’, ‘சற்றே கலங்கல்’ என எழுதினால் அது கருத்து. எண்ணால் எழுதினால் அது தரவு. அடிப்பகுதி அடைக்கப்பட்ட நீண்ட கண்ணாடிக் குழாயொன்றின் உள்ளே, கறுப்பும் வெள்ளையும் பூசிய வட்டத் தகட்டை வைத்து, மேலிருந்து பார்த்தவாறே நீரைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். தகடு கண்ணுக்கு மறையும் கணத்தில் நீரின் உயரத்தை அளவுகோலால் குறித்துக்கொள்ளலாம். உயரம் குறையக் குறையக் கலங்கல் மிகுதி. கடலின் தெளிவை அளக்க இத்தாலிய அறிஞர் செக்கி 1865 இல் கையாண்ட வட்டத்தகட்டு முறையின் சிற்றுருவமே இது. ஆற்றில் இறங்கி நீர் எடுப்பது மாணவர் வேலையன்று. ஆசிரியர் படியில் நின்று வாளியால் முகந்து தருதல் வேண்டும்.

அடுத்தது தெளியவைத்தல். தமிழர் இதற்குத் தேற்றான் கொட்டையைப் பயன்படுத்தினர். கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்த்துவிட்டுக் கலங்கல் நீரை ஊற்றி வைத்தால், சேறு அடியில் தங்கும். கலித்தொகையின் நெய்தற்கலிப் பாடலொன்று, தலைவனைக் கண்டதும் தலைவியின் கலக்கம் தீர்ந்ததற்கு இவ்விதையால் தெளிந்த நீரை உவமையாக்குகிறது. உவமை என்பது கேட்போர் அறிந்த பொருளைக் கொண்டு அறியாததை விளக்குவது. ஆகவே அக்காலத்தில் இவ்வழக்கம் வீடுதோறும் அறியப்பட்டிருத்தல் வேண்டும்.

வழக்கத்தைப் போற்றுவது வேறு, சோதிப்பது வேறு. ஒரே வாளி நீரை நான்கு கலங்களில் சம அளவாக ஊற்ற வேண்டும். ஒன்றில் தேற்றான் கொட்டை விழுது, மற்றொன்றில் முருங்கை விதைப் பொடி, மூன்றாவதில் படிகாரம். நான்காவதில் எதனையும் இடலாகாது. இந்த நான்காவது கலத்தையே மாணவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். ஒன்றும் இடாமலே எவ்வளவு தெளிகிறது என்பது தெரியாவிடில், மற்ற மூன்றும் செய்த வேலை எவ்வளவு என்று கூற இயலாது. இதனை ஒப்பீட்டுக் கலம் என்பர். கலக்கும் நேரமும் வைத்திருக்கும் நேரமும் நான்குக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

தெளிதலின் காரணம் மின்னூட்டம். நீரில் மிதக்கும் களிமண் துகள்கள் எதிர்மின்னூட்டம் உடையவை. ஒன்றையொன்று விலக்குவதால் அவை சேர்ந்து படிய இயலாமல் மிதந்துகொண்டே இருக்கின்றன. முருங்கை விதையிலுள்ள புரதம் நேர்மின்னூட்டம் உடையது. அது துகள்களின் விலக்குவிசையைத் தணித்து அவற்றை ஒட்டவைக்க, திரண்ட துகள்கள் எடைகூடி அடியில் படிகின்றன. படிகாரம் நீரில் கரைந்து உண்டாக்கும் அலுமினியம் ஹைட்ராக்சைடு பஞ்சு போல் விரிந்து துகள்களைத் தன்னோடு இழுத்துச் செல்கிறது.

மாணவர் ஒருவர் இங்கு மகிழ்ந்து நின்றுவிடக் கூடும். ஆனால் சிறுமியின் கடைசிக் கேள்வி இன்னும் எஞ்சியுள்ளது. தெளிந்த நீர் தூய நீரா? அன்று. விதையால் தெளியும்போது சேற்றோடு கிருமிகளும் ஓரளவு படிகின்றனவே ஒழிய, முற்றும் நீங்குவதில்லை. மேலும், விதையின் கரிமப்பொருள் நீரில் எஞ்சுவதால் அதனை நெடுநேரம் வைத்திருந்தால் நீர் கெட்டுவிடும். தெளியவைத்த பின்னும் கொதிக்கவைத்தல் இன்றியமையாதது. பழைய வழக்கத்தின் வலிமையையும் எல்லையையும் நான்கு கலங்கள் ஒருசேரக் காட்டிவிடுகின்றன.

கறுக்கும் புட்டி

கண்ணுக்குத் தெரியாத கிருமியைப் பன்னிரண்டு வயது மாணவர் எவ்வாறு காண்பது? நுண்ணோக்கியும் வளர்கூடமும் இல்லாத ஊர்ப்புறங்களுக்கென்றே இந்திய அறிவியலாளர் மஞ்சாவும் உடன் ஆய்ந்தோரும் ஒரு சோதனையை 1982 இல் வெளியிட்டனர். சிறு புட்டியினுள் ஊட்டப்பொருளும் இரும்பு உப்பும் ஊறிய தாள்துண்டு ஒன்று இருக்கும். குறித்த அளவு நீரை ஊற்றி மூடிவைக்க வேண்டும். மனித, விலங்குக் கழிவு கலந்த நீரில் காணப்படும் பாக்டீரியாக்கள் பல, ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்குகின்றன. அது இரும்போடு வினைபுரிய, கரிய இரும்பு சல்பைடு தோன்றி நீர் கறுக்கிறது. அறைவெப்பமே போதுமானது. வெயிலுக்குப் பெயர்பெற்ற திருச்சிராப்பள்ளியில் இதற்கெனத் தனி வெப்பப்பெட்டி தேவைப்படாது என்பது ஒரு வசதி.

தெரிந்து தெளிவோம்: ஹைட்ரஜன் சல்பைடு சோதனை, கழிவுநீர்க் கலப்பு நேர்ந்திருக்கலாம் என எச்சரிக்கிறதே தவிர இறுதித் தீர்ப்பு வழங்குவதில்லை. சில நிலத்தடி நீர்களில் இயல்பாகவே உள்ள சல்பைடும் புட்டியைக் கறுக்கச் செய்யும். கறுத்த புட்டிகளின் நீரை மீண்டும் ஒருமுறை சோதித்தலும், பின்னர் நீர்ப் பகுப்பாய்வுக் கூடத்திற்கு அனுப்புதலும் முறை. பயன்படுத்திய புட்டியில் சலவைத்தூள் கரைசலை ஊற்றிவைத்த பின்னரே அப்புறப்படுத்த வேண்டும்.

திருச்சிராப்பள்ளியின் குடிநீர் பெரிதும் காவிரி, கொள்ளிடப் படுகைகளில் அமைந்த கிணறுகளிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆற்றுமணலே இயற்கை வடிகட்டி. படித்துறையில் செந்நிறமாக ஓடும் நீர் குழாயில் தெளிந்து வருவதன் முதற்காரணம் அம்மணல்தான். மணற்கொள்ளையைக் கட்டடப் பொருளின் இழப்பாக மட்டும் கருதுவோர் இவ்வடிகட்டியின் இழப்பையும் கணக்கில் சேர்த்தல் நலம். மணலில் வடிந்த நீருக்குக் குளோரின் சேர்க்கப்படுகிறது. குழாயின் கடைக்கோடியிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு.

எனில் நீர் எங்கே கெடக்கூடும்? நம் நகரங்கள் பலவற்றில் குடிநீர் நாள் முழுதும் வருவதில்லை. சில மணி நேரமே வருகிறது. நீர் ஓடும்போது குழாயினுள் அழுத்தம் மிகுதி. கசிவிருந்தால் நீர் வெளியேறும். நீர் நின்றபின் அழுத்தம் குறைய, அதே கசிவின் வழியே அருகிலுள்ள சாக்கடை நீர் உட்புகும். மறுநாள் குழாயைத் திறந்தவுடன் முதலில் வருவது இவ்வாறு உட்புகுந்த நீராக இருக்கலாம். கர்நாடகத்தின் ஹூப்ளி, தார்வாட் நகரங்களில் நடந்த ஆய்வு, விட்டுவிட்டு வரும் நீரில் கிருமிக்கலப்பு மிகுதி என்பதனையும் முதலில் வரும் நீர் குறிப்பாக ஐயத்திற்குரியது என்பதனையும் காட்டியது. ஐயத்திற்குரிய மற்றோர் இடம் வீட்டுக் குடம். குழாயிலிருந்து நல்ல நீர் வந்தாலும், குடத்தில் சேர்த்துவைத்து, கைபட்ட குவளையை முக்கி முக்கி எடுக்கும்போது கிருமி புகுந்துவிடுகிறது.

எனவே மாணவர் குழு வீட்டுக்கு மூன்று புட்டிகள் எடுத்துச்செல்ல வேண்டும். குழாய் திறந்தவுடன் வரும் நீர் ஒன்றில். பத்து நிமிடம் கழித்து வரும் நீர் மற்றொன்றில். குடத்து நீர் மூன்றாவதில். இருபது வீடுகளுக்கு அறுபது புட்டிகள். அவற்றோடு கொதித்து ஆறிய நீர் ஒரு புட்டியிலும் சாக்கடை நீர் ஒரு புட்டியிலும் ஒப்பீட்டுக்கு வைக்கப்படும். முதலாவது கறுத்தாலோ இரண்டாவது கறுக்காவிட்டாலோ, சோதனையிலேயே பிழை என்று அறியலாம்.

இனி, புட்டிகள் கூறுவதைப் படிக்க வேண்டும். முதல் புட்டி மட்டும் கறுத்தால் குழாய்க் கசிவை ஐயுறலாம். குழாய்நீர்ப் புட்டிகள் இரண்டும் தெளிந்திருக்கக் குடத்துப் புட்டி கறுத்தால் குறை வீட்டினுள் உள்ளது. அதற்குத் தீர்வு பெரிய இயந்திரமன்று. நீண்ட கைப்பிடியுள்ள அகப்பையோ, அடியில் குழாய் பொருத்திய மூடிய கலமோ போதும். மாநகராட்சியைக் குறைகூறும் ஆவலோடு புறப்பட்ட குழு, தம் வீட்டு அடுக்களையைத் திருத்த நேரலாம். இதற்கு மாறாகவும் நேரலாம். முன்கூட்டியே விடையை முடிவுசெய்துகொண்டு புட்டியைத் திறப்பவருக்கு இச்சோதனையால் பயனில்லை.

ஒரு நெறி இங்குக் கட்டாயம் பேணப்பட வேண்டும். எந்த வீட்டுக் குடம் கறுத்தது என்பதனைத் தெருவறியச் சொல்லலாகாது. புட்டிகளில் எண்களே இருத்தல் வேண்டும். எண்ணுக்குரிய வீட்டின் பெயர் ஆசிரியரின் ஏட்டில் மட்டும் இருக்கட்டும். முடிவை அவ்வீட்டாரிடம் தனியே கூறுவதே முறை. ‘உங்கள் வீட்டு நீர் அழுக்கு’ என்று பிறர்முன் கேட்ட தாய் ஒருவர் மறுமுறை அக்குழுவுக்குக் கதவைத் திறக்கமாட்டார். அத்துடன் அத்தெருவின் ஆய்வும் முடிந்துவிடும்.

புள்ளிகள் பேசும் வரைபடம்

அட்டவணையில் பிடிபடாதது வரைபடத்தில் பிடிபடும். 1854 இல் இலண்டனின் சோகோ பகுதியில் காலரா பரவியது. கெட்ட காற்றே காரணம் எனப் பலர் நம்பிய காலம் அது. ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் இறப்பு நேர்ந்த வீடுகளைத் தெரு வரைபடத்தில் குறித்தார். குறிகள் பிராட் தெருவின் அடிகுழாய் ஒன்றைச் சூழ்ந்து நெருங்கின. ஸ்நோவின் திறம் அதனோடு நிற்கவில்லை. தம் கருத்துக்கு ஒவ்வாத நிகழ்வுகளைத் தேடிச் சென்றார். அடிகுழாய்க்கு அருகிலேயே இருந்த மதுவடிப்பாலைத் தொழிலாளர் ஏன் நோயுறவில்லை? அவர்கள் அந்நீரைக் குடிப்பதில்லை, ஆலையின் மதுவையே குடித்தனர். தொலைவில் வாழ்ந்த மூதாட்டி ஒருவர் ஏன் இறந்தார்? அவ்வடிகுழாய் நீரின் சுவையை விரும்பி அதனை நாள்தோறும் வரவழைத்துக் குடித்தார். விலக்குகள் விதியை உடைக்காமல் உறுதி செய்தன. செப்டம்பரில் அடிகுழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதற்கு முன்பே நோய் தணியத் தொடங்கியிருந்தது என்பதனை ஸ்நோவே ஒளிக்காமல் எழுதியுள்ளார்.

திருவரங்கத்துத் தெருக்கள் இவ்வேலைக்கு ஏற்றவை. கோயிலைச் சூழ்ந்து சதுரம் சதுரமாக விரியும் உத்திர வீதிகளையும் சித்திரை வீதிகளையும் ஏழாம் வகுப்பு மாணவர் அளவுகோல் கொண்டே வரைந்துவிடலாம். முதற்புட்டி கறுத்த வீடுகளுக்குக் கரும்புள்ளியும் கறுக்காதவற்றுக்கு வெறும் வட்டமும் இட்டால், அடுத்தடுத்த வீடுகளில் கரும்புள்ளி தொடர்கிறதா, அன்றிச் சிதறிக் கிடக்கிறதா என்பது தெரியும். தொடர்ந்தால் அவ்விடத்தில் குழாயைத் தோண்டிப் பார்க்கப் பொறியாளருக்குக் காரணம் கிடைக்கிறது. எங்கோ கசிகிறது என்னும் மனுவுக்கும், எந்த வீட்டுக்கும் எந்த வீட்டுக்கும் இடையே பார்க்க வேண்டும் எனச் சுட்டும் வரைபடத்துக்கும் அலுவலகத்தில் ஒரே வரவேற்பு இருக்காது.

இதே முறையைக் கொசுவுக்கும் கையாளலாம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, சாக்கடையை நாடாமல் தேங்கிய நன்னீரையே நாடுகிறது. தண்ணீர்ப் பீப்பாய், பூந்தொட்டித் தட்டு, கொல்லையில் கிடக்கும் பழைய டயர் ஆகியவை அதற்குப் போதும். முட்டை முழுக் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். ஆதலால் வாரம் ஒருமுறை கலத்தைக் காலிசெய்தால் சுழற்சி அறுபடும். ஆனால் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். சுவரில் ஒட்டிய முட்டைகள் ஈரமின்றியும் பல மாதங்கள் உயிர்தாங்கும். எடுத்துக்காட்டாக, 50 வீடுகளைப் பார்த்ததில் 6 வீடுகளில் கொசுப்புழு இருந்தால் வீட்டுக் குறியீடு 12 விழுக்காடு. தேய்த்துக் கழுவும் பழக்கத்தை ஒரு தெருவில் புகுத்தி, மற்றொரு தெருவை உள்ளவாறே விட்டு, சில வாரங்கள் கழித்து இரண்டையும் மீண்டும் எண்ணினால் பழக்கத்தின் பயன் எண்ணாகவே வெளிப்படும். பின்னர் அப்பழக்கத்தை இரண்டாவது தெருவுக்கும் கொண்டுசெல்வது குழுவின் கடன்.

கருவி படைத்தவர்கள்

ஆய்வோடு நில்லாமல் கருவி படைத்த சிறுவர்களும் உள்ளனர். திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர், தம் வீட்டருகே துணி தேய்ப்பவர் எரிந்த கரியைக் கொட்டுவதைக் கண்டார். தேய்ப்பு வண்டி ஒன்றுக்கு நாளொன்றில் ஏறத்தாழ 5 கிலோ கரி தேவைப்படுவதையும், அதற்காக மரங்கள் எரிக்கப்படுவதையும், புகை தொழிலாளியின் நுரையீரலைத் தாக்குவதையும் எண்ணிப் பார்த்தார். வண்டியின் கூரையில் சூரியத் தகடுகளைப் பொருத்தி, மின்கலத்தில் ஆற்றலைச் சேமித்து இயங்கும் தேய்ப்பு வண்டியை வடிவமைத்தபோது அவருக்கு வயது 12. 2020 இல் சுவீடனின் குழந்தைகள் காலநிலைப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. 2021 நவம்பரில் கிளாஸ்கோவில் நடந்த ஐக்கிய நாடுகள் காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் அவர் உரையாற்றினார்.

அமெரிக்காவின் பிளிண்ட் நகரக் குடிநீரில் ஈயம் கலந்த செய்தி, பல நூறு கல் தொலைவில் கொலராடோவில் வாழ்ந்த கீதாஞ்சலி ராவ் என்னும் ஏழாம் வகுப்பு மாணவியைத் தூண்டியது. கார்பன் நானோ குழாய்களைக் கொண்டு நீரில் ஈயத்தைக் கண்டறியும் சிறு கருவியொன்றை அவர் வடிவமைத்து, 2017 இல் அந்நாட்டின் இளம் அறிவியலாளர் போட்டியில் முதலிடம் பெற்றார்.

நம் நாட்டிலும் பள்ளி மாணவர்களின் புதிய எண்ணங்களுக்கு ‘இன்ஸ்பயர் மானக்’ விருதாக 10,000 ரூபாய் வழங்கப்படுகிறது. இவை வரவேற்கத்தக்கன. ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. கருவி ஒளிப்படத்தில் அழகாகத் தெரிகிறது. அறுபது புட்டிகளின் அட்டவணை அவ்வாறு தெரிவதில்லை. அதனால் பரிசும் செய்தியும் கருவியையே நாடுகின்றன. வினிஷாவின் வண்டிக்கும் அடிப்படை ஒரு கணக்கெடுப்புதான்: எவ்வளவு கரி, எவ்வளவு செலவு, எத்தனை மணி நேரம் வெயில் என்பன தெரியாமல் எத்தனை தகடு வேண்டும் என்று கூற இயலாது. தேய்ப்பவர் அந்த வண்டியை வாங்க முன்வருவாரா என்பதும் விலையைப் பொறுத்ததே. அதுவும் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று.

அறிக்கை செல்லும் வழி

ஆய்வின் கடினமான பகுதி ஆய்வு முடிந்தபின் தொடங்குகிறது. முன்னர்த் தனி நகராட்சியாக இருந்த திருவரங்கம் இன்று திருச்சிராப்பள்ளி மாநகராட்சியின் ஒரு பகுதி. மாணவர் அறிக்கையை மாமன்ற உறுப்பினரிடமோ கோட்ட அலுவலகத்திலோ அளிக்கலாம். அங்கு ‘நல்ல முயற்சி’ என்று முதுகில் தட்டி இனிப்புக் கொடுத்து அனுப்பிவிடுவது எளிது. பாராட்டப்பட்டு மறக்கப்படுவதைவிட, ‘உங்கள் புட்டி எவ்வாறு வேலை செய்கிறது, பதினேழாம் எண்ணை மறுபடி சோதித்தீர்களா?’ என்று பொறியாளரிடம் குறுக்குக் கேள்வி கேட்கப்படுவதே அம்மாணவர்களுக்கு உண்மையான மதிப்பு. அக்கேள்விக்கு விடைகூற நாட்குறிப்பேடு கையில் இருக்க வேண்டும்.

புட்டி எதுவுமே கறுக்காமற்போவதும் உண்டு. அப்போது மாணவர்கள் முகம் வாடுகின்றனர். மூன்று மாத உழைப்பும் வீணாயிற்று எனக் கருதுகின்றனர். இருபது வீட்டுக் குடிநீர் அந்த வாரத்தில் நன்றாக இருந்தது என்பது அத்தெருவுக்கு நற்செய்தி. அதனைச் சான்றோடு கூற இயன்றவர்கள் இவர்கள் ஐவரே. ‘எதிர்பார்த்தது நிகழவில்லை’ என்னும் வரியை அடிக்காமல் எழுதிய அறிக்கையை மாநாட்டு நடுவர்கள் கூடுதல் கவனத்துடன் படிக்க வேண்டும்.

நற்செய்தியும் அந்த வாரத்துக்கு மட்டுமே உரியது. கோடையில் ஆறு வறண்டு படுகை வெடிக்கும்போது ஒரு நிலை. ஐப்பசி மழையில் சாக்கடை தெருவில் பெருகும்போது வேறொரு நிலை. ஐவரும் எட்டாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குச் சென்றுவிடுவர். ஏடு பள்ளி அலமாரியில் இருக்கும். அடுத்த ஆடியில் படித்துறையில் நீர் மீண்டும் சிவக்கும்போது, அவ்வேட்டை எடுத்துக்கொண்டு வேறு ஐவர் அதே இருபது வீடுகளின் கதவைத் தட்டுவர். அவர்களுடைய முதற்புட்டியின் எண் அறுபத்தொன்று.